எட்டாம் மாதத்துக் குழந்தை

பச்சிளங்குழந்தைகள் வார்டில் வேலை பார்த்த வருடங்களில் என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி "பிழைக்குமா" என்பதல்ல. "இது ஏழுங்களா, எட்டுங்களா?" என்பதுதான். நாள் நிறையாமல் பிறந்த குழந்தையைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கிறவர் அப்பாவோ, மாமனோ, சித்தியோ, யாராக இருந்தாலும் எடையைக் கேட்பதற்கு முன்னால் மாதத்தைக் கேட்பார்கள். ஏழாம் மாதத்தில் பிறந்த பிள்ளை பிழைத்துக்கொள்ளும், எட்டாம் மாதத்தில் பிறந்தது தங்காது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. எங்கள் வீட்டிலும் அப்படித்தான் பேசுவார்கள். நர்ஸ் படிப்பு முடித்துப் பல வருடங்கள் ஆன பிறகும் நானே மனதின் ஒரு மூலையில் அதை நம்பிக்கொண்டுதான் இருந்தேன்.

ஓய்வு பெற்றதோடு இந்தக் கேள்வி என்னை விட்டுப் போய்விட்டது என்று நினைத்திருந்தேன். போன மாதம், இப்போது அந்த வார்டில் இருக்கும் அகிலா போன் செய்தாள். எட்டாம் மாதம் என்று ஸ்கேனில் பார்த்துவிட்டு ஒரு குடும்பம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போக நிற்கிறது, நீங்களாக இருந்தால் என்ன சொல்வீர்கள் என்று கேட்டாள். தெரிந்ததைச் சொன்னேன். அவளும் பேசிப் பார்த்தாள், அவர்களும் தங்கிவிட்டார்கள். ஆனால் போனை வைத்த பிறகு எனக்கு மாதையன் ஞாபகம் வந்து அன்று முழுவதும் வேறு வேலை ஓடவில்லை. அவருடைய கதையை எழுதி வைக்கலாம் என்று அப்போதுதான் தோன்றியது.

என் பெயர் லூர்துமேரி. பாப்பாரப்பட்டிக்கு அருகில் ஒரு விவசாயக் குடும்பம். அப்பா கேழ்வரகும் கடலையும் போட்டார். வீட்டில் நான்தான் முதலில் ஊரை விட்டு வெளியே போய்ப் படித்தவள். சேலத்தில் மூன்று வருடம் நர்ஸ் பயிற்சி. படுக்கை விரிப்பில் சுருக்கம் விழுந்தால் திட்டு விழும் என்பதும், ஊசி போடும்போது நோயாளியின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்பதும் அங்கே கற்றவை. பிரசவம் பார்க்கக் கற்றோம். நாள் நிறையாமல் வந்துவிட்ட குழந்தைக்கு என்ன செய்வது என்று மட்டும் யாரும் பெரிதாகச் சொல்லித் தரவில்லை. பஞ்சில் சுற்றி, பக்கத்தில் பல்பு எரியவிட்டு, ஆண்டவரே என்று காத்திருப்போம். ஆரம்ப சுகாதார நிலையம், பெண்கள் வார்டு, பிரசவ வார்டு என்று சுற்றிவிட்டு, நடுவயதில்தான் மாவட்டத்தில் ஒரு அரசு மருத்துவமனையில் புதிதாகத் திறந்த பச்சிளங்குழந்தைகள் வார்டுக்கு வந்தேன்.

அங்கே பொறுப்பில் இருந்தவர் டாக்டர் சுகந்தி. என்னைவிட நான்கைந்து வயது இளையவர். உயரமில்லாத உருவம், குரலும் மெல்லியது. அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. ஆனால் அவர் உள்ளே வந்தால் எல்லோருடைய கையும் தானாகக் கைகழுவும் தொட்டிப் பக்கம் போகும். வளையல், மோதிரம், வாட்ச் எல்லாம் கழற்றி முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, உதறாமல், கையைத் தூக்கியபடி காய விடுவார். குழந்தையைத் தொடுவதற்கு முன் உள்ளங்கைகளை ஒன்றோடொன்று தேய்த்துச் சூடாக்கிக்கொள்வார். பிறகு குழந்தையிடம், "கண்ணு, தொடப் போறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் தொடுவார். முதல் வாரம் எங்களுக்கு இது வேடிக்கையாக இருந்தது. இரண்டாவது வாரம் நாங்களும் சொல்ல ஆரம்பித்திருந்தோம்.

முதல் நாள் நர்சுகள் எங்கள் ஆறு பேரையும் ஒரு சின்னக் குழந்தையைச் சுற்றி நிற்க வைத்து, இதற்கு என்ன நோய் என்று கேட்டார். எடை குறைவு, மூச்சுத் திணறல், சூடு நிற்கவில்லை என்று ஆளுக்கொன்று சொன்னோம். "நோயே இல்ல. வேலை பாக்கி இருக்கு. உள்ள நடக்க வேண்டிய வேலைய இனி நாம வெளிய வெச்சுப் பாக்கணும்" என்றார்.

அந்த வேலை என்ன என்பதை அவர் அன்று மதியம் சொன்ன விதம் எனக்கு இன்னும் அப்படியே நினைவிருக்கிறது. கரு உண்டாவது கருப்பையில் அல்ல, அதற்குப் போகும் குழாயில். ஒரு வாரம் போல உருண்டு வந்துதான் கருப்பையில் ஒட்டுகிறது. ஒட்டிக் கொஞ்ச நாளிலேயே, துவரம்பருப்பு அளவுகூட இல்லாத அதில், இதயம் துடிக்க ஆரம்பித்துவிடும். அப்போது பல பெண்களுக்குத் தாங்கள் கர்ப்பம் என்றே தெரிந்திருக்காது. நாவல் பழ அளவு வருவதற்குள் கை, கால், விரல், கண், குடல் எல்லாவற்றுக்கும் அச்சு விழுந்துவிடுகிறது. அதன் பிறகு மாதக்கணக்கில் நடப்பது அந்த அச்சு வளர்ந்து முதிர்வதுதான். ஐந்தாம் மாதம் அசைவு அம்மாவுக்குத் தெரியும். ஆறாம் மாதம் காது கேட்கும், ஒட்டியிருந்த இமை பிரியும். நுரையீரல்தான் கடைசியில் தயாராகும். தண்ணீருக்குள் இருக்கும் பிள்ளைக்கு மூச்சுவிட வேண்டிய அவசியம் இல்லை, தொப்புள்கொடி வழியாக எல்லாம் வந்துவிடுகிறது. அதனால் அந்த வேலை மெதுவாகவே நடக்கும்.

இன்னொன்றும் சொன்னார். நாம் கர்ப்பத்தைக் கடைசி மாதவிலக்கு நாளிலிருந்து எண்ணுகிறோம். கரு உண்டாவதோ அதற்கு ஏறத்தாழ இரண்டு வாரம் கழித்து. ஆக நம் கணக்கில் முதல் இரண்டு வாரம் பிள்ளையே இல்லாத கர்ப்பம். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் சிரித்தார்.

ஏழா எட்டா என்ற கேள்விக்கு எங்களிடம் ஒரு சுலபமான பதில் இருந்தது. யார் கேட்டாலும் ஏழுதான் என்று சொல்லிவிடுவோம். கேட்டவர் முகம் தெளியும், குழந்தையை விட்டுவிட்டுப் போக மாட்டார். நல்ல பொய்தானே என்று எல்லா நர்சும் சொல்லிக்கொண்டிருந்தோம். டாக்டருக்குத் தெரிந்தும் கொஞ்ச காலம் ஒன்றும் சொல்லவில்லை. ஏரியூர்ப் பக்கத்திலிருந்து ஒரு குழந்தை வந்த பிறகுதான் நிறுத்தச் சொன்னார். அது உண்மையிலேயே ஏழாம் மாதத்தின் தொடக்கத்தில் வீட்டில் பிறந்தது. ஏழுதானே, தானாகத் தேறிவிடும் என்று நம்பி, உடம்பு ஜில்லிட்ட பிறகு கொண்டு வந்தார்கள். எங்கள் கையில் ஒரு நாள்கூட இருக்கவில்லை. அதன் அப்பா, ஏழு மாசத்துப் புள்ளைங்க, ஏழு மாசத்துப் புள்ளைங்க என்று எங்களுக்கு ஏதோ தவறு நடந்துவிட்டதைச் சுட்டிக்காட்டுவதுபோலச் சொல்லிக்கொண்டே இருந்தார். அவரை அனுப்பிவிட்டு வந்து டாக்டர் எங்களிடம், இனி யார் கேட்டாலும் எத்தனை வாரமோ அதைச் சொல்லுங்கள், கூட்டவும் வேண்டாம் குறைக்கவும் வேண்டாம் என்றார்.

அதற்குப் பிறகு சில மாதங்களில் சத்யாவின் குழந்தை பிறந்தது.

சத்யாவுக்கு இருபத்தொன்றோ இரண்டோ இருக்கும். புருஷன் முருகேசன் ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை. சொந்த ஊர் மாரண்டஹள்ளியைத் தாண்டி உள்ளே. அங்கே முருகேசனின் அண்ணன் மாதையன் தக்காளி போட்டுக்கொண்டிருந்தார். வளைகாப்புக்கு என்று ஊருக்கு வந்திருந்தபோது சத்யாவுக்குத் தலைவலி, கால் வீக்கம், பிறகு வலிப்பு. ரத்தக்கொதிப்பு ஏறியிருந்தது. ஆம்புலன்சில் கொண்டுவந்து உடனே ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். தாய் நினைவில்லாமல் தீவிர சிகிச்சையில். குழந்தை எங்களிடம். பெண் குழந்தை. முப்பத்திரண்டு வாரம். மாதக் கணக்கில் சொன்னால் ஏழு முடிந்து எட்டு நடக்கிறது.

காலையில் நான் வெளியே வந்தபோது இரண்டு ஆண்கள் நின்றிருந்தார்கள். இளையவர் சுவரில் சாய்ந்து தரையைப் பார்த்தபடி. பெரியவர், நாற்பது நாற்பத்தைந்து வயதிருக்கும், சட்டையின் மேல் பட்டனைப் போட்டுக்கொண்டு என்னிடம் வந்து எத்தனை மாதம் என்று கேட்டார். சொன்னேன். முன்பே தெரிந்த ஒன்றை உறுதி செய்துகொண்டவர்போலத் தலையசைத்தார். பிறகு, குழந்தையைச் சுற்ற ஒரு துணி கிடைக்குமா என்று கேட்டார். கூட்டிக்கொண்டு போய்விடுகிறோம் என்றார்.

நான் என்னென்னவோ சொன்னேன். குழந்தை நன்றாகத்தான் இருக்கிறது, மூச்சுக்குக் கொஞ்ச நாள் உதவி வேண்டும், அவ்வளவுதான் என்றேன். அவர் குறுக்கே பேசாமல் முழுவதையும் கேட்டார்.

"நீங்க நல்லதுக்குத்தான் சொல்றீங்க சிஸ்டரம்மா. எனக்கும் ஒண்ணு எட்டுல பொறந்துச்சு. ரெண்டு நாளு இருந்துச்சுங்க. அந்த ரெண்டு நாள்ல நான் மூஞ்சியப் பாத்துட்டன். எந்தம்பி இன்னும் பாக்குல. அவன் பாக்கறதுக்குள்ள கொண்டு போயர்லாமுன்னுதான்."

இரக்கமில்லாத மனிதர்கள்தான் குழந்தையைக் கைவிட நினைப்பார்கள் என்று அதுவரை நான் எண்ணியிருந்தேன். இவர் தம்பியின் மேல் உள்ள பாசத்தால் அதைக் கேட்டார். டாக்டரைக் கூப்பிட்டேன்.

டாக்டர் சுகந்தி வராந்தாவில் நின்று யாரிடமும் விவாதம் செய்ய மாட்டார். இருவரையும் கை கழுவிவிட்டு உள்ளே வரச் சொன்னார். இங்கிருந்தே சொல்லுங்கள் என்றார் மாதையன். "வெளிய நின்னு கேட்டா நான் சொல்றது உங்களுக்கு ஏறாதுங்க" என்றார் டாக்டர். தொட்டியில் எப்படிக் கழுவ வேண்டும் என்று காட்டினேன். மாதையன் நகக்கண்ணில் இருந்த மண்ணையெல்லாம் தேய்த்துத் தேய்த்து எடுத்தார். உள்ளே வந்ததும் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார்.

டாக்டர் குழந்தையிடம் சொல்லிவிட்டு அதன் பாதத்தை இரண்டு விரலால் பிடித்துக் காட்டினார். விரல்களுக்குக் கீழே முன்பாதத்தில் கோடுகள் விழுந்திருந்தன. குதிகால் வழவழவென்று இருந்தது. நிறைமாதத்துப் பிள்ளைக்குப் பாதம் முழுக்கக் கோடு இருக்கும், ஏழில் வருவதற்குக் கோடே பெரிதாக இருக்காது என்றார். பிறகு காது மடலை மெல்ல மடித்து விட்டார். அது அவசரமில்லாமல் விரிந்து பழையபடி ஆனது. ஏழில் பிறந்ததாக இருந்தால் மடித்தது மடித்தபடியே கிடக்கும், காதுக்குள் குருத்தெலும்பு அப்போதுதான் உருவாகிக்கொண்டிருக்கும். தோலைக் காட்டினார். ஏழில் உள்ளே ஓடும் நரம்பெல்லாம் தெரியும், இதற்கு அவ்வளவு தெரியவில்லை. முருகேசன் குனிந்து ஒவ்வொன்றையும் பார்த்தான். பார்க்க வேண்டாம் என்று அண்ணன் நினைத்த முகத்தையும் அப்போது பார்த்துவிட்டான்.

"எட்டுதாங்க. நான் மாத்திச் சொல்ல மாட்டேன். ஆனா ஏழுக்கு எட்டு மூத்தது. மூத்தது எப்படிங்க எளப்பமாகும்? உள்ள ஒரு வாரம் கூட இருந்தா ஒரு வாரப் பலம் கூட வரும். நுரையீரலும் அப்படித்தான்."

ஊரில் எல்லோரும் ஏன் அப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்டான் முருகேசன். ஏழில் பிறந்து பிழைத்தவனை ஆயுசுக்கும் காட்டிச் சொல்லிக்கொண்டே இருப்பார்கள், அது அதிசயம் என்பதால். ஏழில் பிறந்து போனவற்றைப் பற்றி யாரும் பேசுவதில்லை, அதனால் கணக்கில் வருவதில்லை என்றார் டாக்டர்.

மாதையன் அதுவரை ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது திரும்பினார்.

"அப்ப எம்புள்ள பொழச்சிருக்கோணுமுங்களா?"

அந்தக் குழந்தை எங்கே பிறந்தது, என்ன ஆயிற்று என்று டாக்டர் மெதுவாகக் கேட்டார். வீட்டில் பிறந்தது, நெஞ்சு உள்வாங்கி உள்வாங்கி மூச்சு விட்டது, எட்டு என்று தெரிந்ததும் பெரியவர்கள் அலைக்கழிக்க வேண்டாம் என்றார்கள், துணியில் சுற்றி வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தோம் என்றார் மாதையன்.

டாக்டர் சுகந்தி அவர் பக்கம் திரும்பி நின்று சொன்னார்.

"பொழச்சிருக்கலாமுங்க. கண்டிப்பா பொழச்சிருக்கும்னு சொல்ல மாட்டேன். அன்னிக்கு இந்த வார்டே கெடையாது. கொண்டு வந்திருந்தாலும் எங்களால முடியாமப் போயிருக்கலாம். ஆனா எட்டுல பொறந்ததுங்கற காரணத்துக்காகப் போகல. நீங்க தெரிஞ்சு எதுவும் செய்யல."

மாதையன் சரிங்க என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

எனக்குக் கோபம் வந்தது. அவர் போன பிறகு, உங்களுக்கு ஒரு 'இல்லை' சொல்லத் தெரியாதா, அந்த மனுஷன் இத்தனை வருஷம் ஆற வைத்த புண்ணைக் கிளறிவிட்டீர்களே என்று டாக்டரிடம் கேட்டேவிட்டேன். அவரிடம் அப்படிப் பேசியது அந்த ஒரு முறைதான். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "இல்லன்னு சொல்லியிருந்தா இந்தக் கொழந்தைய அவர் கூட்டிக்கிட்டுப் போயிருப்பாரு, லூர்து" என்றார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

மாதையன் துணி கேட்கவில்லை. ஊருக்கும் போகவில்லை. ஆம்புலன்ஸ் நிற்கும் கொட்டகைக்குப் பக்கத்தில் இருந்த சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

உள்ளே வேலை நடந்தது. முதல் நாட்களில் மூக்கில் குழாய் வைத்து, நுரையீரல் ஒட்டிக்கொள்ளாமல் இருக்கக் காற்றை மெல்லிய அழுத்தத்தில் விட்டோம். பிறகு பால். உறிஞ்சவும் விழுங்கவும் மூச்சுவிடவும் ஒரே சமயத்தில் தெரிவதற்குக் குழந்தைக்கு இன்னும் இரண்டு வாரமாவது முதிர வேண்டும். அதுவரை வாய் வழியாக வயிற்றுக்கு ஒரு மெல்லிய டியூப். மூக்கு நுனியிலிருந்து காது மடல் வரை, அங்கிருந்து நெஞ்சுக்குழிக்குக் கீழே வரை அளந்து, அந்த இடத்தில் டியூபில் அடையாளம் வைத்து, அதற்கு மேல் ஒரு நூல்கூட உள்ளே போகக் கூடாது. சிரிஞ்சை அழுத்தக் கூடாது. உயர்த்திப் பிடித்தால் பால் தன் எடையில் தானே இறங்க வேண்டும். ஒரு சங்குப் பாலுக்கும் குறைவாக இருக்கும். அது இறங்கி முடியும்வரை நான் பேச மாட்டேன்.

மூன்றாம் நாள் சத்யாவுக்கு நினைவு வந்தது. எழுந்திருக்க முடியாது. ஆனாலும் பால் சுரந்தது. முருகேசன் அதை எவர்சில்வர் கிண்ணத்தில் மூடி எடுத்துக்கொண்டு ஒரு வார்டிலிருந்து இன்னொரு வார்டுக்கு நடந்தபடியே இருந்தான். மூக்குக் குழாயை எடுத்த பிறகு, குழந்தையை நெஞ்சோடு நெஞ்சு வைத்துக்கொள்ளவும் அவனுக்குச் சொல்லித் தந்தேன்.

ஒரு நாள் மதியம் சத்யாவுக்கு மறுபடியும் ரத்தக்கொதிப்பு ஏறி, முருகேசனை அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டார்கள். குழந்தையை வைத்துக்கொள்ள ஆள் இல்லை. நான் சிமெண்ட் பெஞ்சுக்குப் போனேன். மாதையன் எழுந்து நின்றார்.

"நானுங்களா? நான் வெச்சா ஆகுமுங்களா? எங்கிட்டத் தங்குலயே ஒண்ணு."

"உங்க நெஞ்சுல சூடு இருக்குதில்லீங்க. அதுதாங்க வேணும்" என்றேன்.

குளித்துவிட்டு வந்தார். சட்டையைக் கழற்றிவிட்டுச் சாய்வு நாற்காலியில் உட்கார வைத்தோம். குழந்தைக்குத் தொப்பியும் காலுறையும் இடுப்புத் துணியும் மட்டும். அவருடைய இரண்டு மார்புக்கும் நடுவில் நிமிர்த்தி வைத்து, கால்களைத் தவளை மாதிரி மடக்கி, தலையை ஒரு பக்கமாகத் திருப்பி, கழுத்து மடங்காமல் தாடையைக் கொஞ்சம் உயர்த்தி, அகலமான துணியால் இருவரையும் சேர்த்துக் கட்டினேன். திருப்பி வைத்த முகம் அவர் பக்கம் இருந்தது. அவர் குனிந்து பார்த்தார். பார்த்தது பார்த்தபடியே இருந்தார். மூச்சுவிட்டால் குழந்தை நழுவிவிடும் என்பதுபோல மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார். நன்றாக விடுங்கள், உங்கள் நெஞ்சு ஏறி இறங்குவதுதான் அதற்குத் தாலாட்டு என்றேன்.

கொஞ்ச நேரம் ஆகியிருக்கும். மிஷின் கத்தியது. குழந்தை மூச்சு விடவில்லை. உதடு வெளிறி, சாம்பல் பூத்து வந்தது. நான் துணிக்குள் கையைவிட்டு உள்ளங்காலைச் சுண்டினேன். ஒன்றும் இல்லை. முதுகை மேலும் கீழுமாகத் தேய்த்தேன். மறுபடி சுண்டினேன். ஒரு விம்மலோடு மூச்சு திரும்பியது. நிறம் வந்தது. மாதையன் அசையவே இல்லை. வியர்வை மட்டும் நெற்றியிலிருந்து வழிந்துகொண்டிருந்தது.

"மூச்சு வாங்க மறந்துட்டுதுங்களா?"

ஆமாம் என்றேன். வயிற்றுக்குள் இருந்தவரை அதற்கு அந்த வேலை இல்லை. மூச்சுவிடச் சொல்லும் மூளைப் பகுதி இன்னும் முழுதாகத் தேறவில்லை. அதனால் நடுநடுவே மறந்துவிடும். இரண்டு மூன்று வாரத்தில் மறப்பது நின்றுவிடும், அதற்கு மருந்தும் கொடுக்கிறோம் என்று சொன்னேன். இனி பயந்துபோய் வர மாட்டார் என்று நினைத்தேன்.

"அது மறந்தா நான் ஞாபகப்படுத்தறனுங்க" என்றார்.

அதன் பிறகு தினமும் வந்தார். தம்பி காலையில், அண்ணன் மதியத்தில். குழந்தைக்குக் காது கேட்கும், பேசலாம் என்று சொல்லியிருந்தேன். மாதையனுக்குக் கொஞ்சத் தெரியாது. பெரியவர்களிடம் பேசுவதுபோலவே பேசுவார். இன்றைக்குக் கரண்டு சரியாக வரவில்லை, மோட்டார் ஓடவில்லை, செடியில் இலைச்சுருட்டை விழுந்திருக்கிறது, மருந்தடிக்க ஆள் வரவில்லை. குழந்தை கண்ணைத் திறந்து கேட்கும். எங்களில் ஒருத்தி சிரித்தால், டாக்டர் உதட்டில் விரலை வைப்பார்.

மறதி குறைந்தது. எடை இறங்கிப் பிறகு ஏறியது. சத்யா சக்கர நாற்காலியில் வந்து முதல்முறை பார்த்தாள், தொட்டாள், அழுதாள். சில நாள் பாலாடையில் சொட்டுச் சொட்டாகப் புகட்டினோம். ஒரு காலையில் டாக்டர் கழுவிய சுண்டுவிரலை வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, "இழுக்குது" என்றார். அன்று சத்யாவின் மார்பில் வைத்தோம். உறிஞ்சியது, விழுங்கியது, நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டது, மறுபடி உறிஞ்சியது. மூன்றும் ஒழுங்காக நடந்தன.

வீட்டுக்கு அனுப்புவதற்கு முந்தின நாள் மாதையன் டாக்டரைத் தேடி வந்தார். அவர் மனைவி முனியம்மா இத்தனை நாளில் ஒருமுறைகூட மருத்துவமனைக்கு வரவில்லை என்பதை நான் அப்போதுதான் உணர்ந்தேன். சத்யாவின் வளைகாப்பை முன்னின்று நடத்தியவர் அவர்தான். எட்டில் பிறந்தது போன பிறகு அவர்களுக்கு வேறு குழந்தை பிறக்கவில்லை என்பதும் அன்றுதான் தெரிந்தது.

"எட்டு தங்காதுன்னு ஊரே சொன்னதுலதாங்க அவ அன்னிக்கு எந்திரிச்சு நடமாடுனா. யாரு குத்தமும் இல்லைன்னு. இப்ப இது தங்கிருச்சு. நாளைக்கு அவ வர்றா. அவகிட்ட மட்டும் ஏழுன்னு சொல்லிப்புடுங்க டாக்டரம்மா. எனக்காக."

டாக்டர் பொய் சொல்ல மாட்டேன் என்றார். மாதையன் முகம் விழுந்ததும், "ஆனா இன்னொரு கணக்கு இருக்குதுங்க. அதுவும் உண்மைதான். அதச் சொல்றேன்" என்றார். கரு உண்டான நாளிலிருந்து எண்ணினால் இரண்டு வாரம் குறையும். அப்படிப் பார்த்தால் இந்தக் குழந்தை பிறந்தபோது அதற்கு ஏழு மாதம்கூட நிறையவில்லை என்று அவருக்கு விளக்கினார். மாதையன் இரண்டு முறை திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனார்.

மறுநாள் முனியம்மா தாய்மார்கள் வார்டுக்கு வந்தார். மெலிந்த உடம்பு, முன்தலை நரைத்திருந்தது. சத்யாவின் துணிகளைப் பையில் மடித்துக் கொண்டுவந்திருந்தார். வாசலைத் தாண்டி உள்ளே வராமல் நின்றார். சத்யா கட்டிலில் குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். அக்கா வாங்க என்று அவள் கூப்பிட்டும் அவர் வரவில்லை. முருகேசன் பைகளைத் தூக்கிக்கொண்டு தயாராக நின்றான். மாதையன் டாக்டரைப் பார்த்தார்.

டாக்டர் வாசலுக்கே போனார். முனியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக, ஒவ்வொன்றாகச் சொன்னார். நாங்கள் எண்ணுவது ஒரு கணக்கு, வயிற்றில் குழந்தை உண்டான நாளிலிருந்து எண்ணுவது வேறு கணக்கு, அந்தக் கணக்கில் இது ஏழாம் மாதத்துக் குழந்தைதான். முனியம்மா மனதுக்குள் எண்ணுகிறார் என்பது எனக்குத் தெரிந்தது.

"அப்படி எண்ணுனா எம்புள்ளயும் ஏழுதானுங்களே" என்றார்.

மாதையன் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு தலைகுனிந்து நின்றார். முனியம்மா அவரைப் பார்த்தார், பிறகு டாக்டரைப் பார்த்தார். யார் எதற்காக இதைச் சொல்ல வைத்தார்கள் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். கோபம் இல்லை அந்த முகத்தில்.

"பரவால்லீங்க டாக்டரம்மா. எட்டாவே இருக்கட்டுங்க. கொடுங்க இப்படி."

கட்டில் வரை உள்ளே வந்து, பையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் நீட்டினார். டாக்டர் சத்யாவைப் பார்த்தார். சத்யா தலையசைத்தாள். நான் குழந்தையை வாங்கி முனியம்மாவின் கையில் வைத்தேன். அவர் வாங்கிய விதத்திலேயே தெரிந்தது, எப்படித் தூக்க வேண்டும் என்று அவருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. தோளில் சாய்த்து, முந்தானையை இழுத்துக் குழந்தையின் தலையை மூடினார்.

அப்போதுதான் மாதையன் அழுதார். அத்தனை நாள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதும், மிஷின் கத்தியபோதும் அழாதவர், வார்டு நடுவில் நின்று சத்தமாக அழுதார். முருகேசன் பைகளைப் போட்டுவிட்டு அண்ணனைப் பிடித்துக்கொண்டான். மற்ற கட்டில்களில் இருந்த தாய்மார்கள் எல்லாம் எழுந்து பார்த்தார்கள்.

முனியம்மா குழந்தையோடு வாசல் வரை போய்விட்டுத் திரும்பினார்.

"மாரண்டஹள்ளி வண்டி போயிருமுங்க. வாங்க" என்றார்.